பெயர் வாங்கிய திமிங்கிலங்கள்

19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களில், நாட்குறிப்பேடு எழுதுகிறவரிடம் செதுக்கிய முத்திரைகள் சில இருக்கும். திமிங்கிலம் பிடிபட்ட நாளில் முழு உடல் முத்திரையை மையில் தோய்த்துப் பக்கத்தின் ஓரத்தில் குத்துவார். அந்த உருவத்தின் வயிற்றில் வெள்ளையாக ஒரு கட்டம் விட்டிருக்கும். எத்தனை பீப்பாய் எண்ணெய் தேறியது என்பதை அதில் பேனாவால் எழுதுவார்: 40, 65, 80. தப்பிப் போன திமிங்கிலத்துக்கு வேறு முத்திரை, தண்ணீருக்குள் இறங்கும் வால் மட்டும். அதில் எண் எழுத இடம் கிடையாது.

கடற்கதைகளில் பெயரெடுத்த திமிங்கிலங்கள் எல்லாம் அந்த வால் முத்திரைக்குள்ளிருந்து கிளம்பி வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. பிடிபட்டது பீப்பாய்க் கணக்கில் சேர்ந்துவிடும். அதைப்பற்றிப் பேச ஒன்றும் இல்லை. படகை உடைத்து, ஆளைத் தண்ணீரில் தள்ளி, கயிற்றையும் இரும்பையும் கொண்டுபோனதைப் பற்றித்தான் அடுத்த கப்பல்காரனிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்கு ஒரு பெயரும் வேண்டியிருந்தது. வைத்த பெயர்களைப் பாருங்கள்: டாம், டிக், ஜாக். நம் ஊரில் குப்பன், சுப்பன் என்பது போன்ற பெயர்கள். பயங்கரமான எதிரிக்கு இப்படிப் பெயர் வைப்பதில் ஒரு நக்கலும் இருக்கிறது, பழகிப்போன நெருக்கமும் இருக்கிறது.

சரி, பெருங்கடலில் தப்பிய திமிங்கிலம் இன்னதுதான் என்று பத்து வருடம் கழித்து எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதற்கு அந்த வேட்டையின் கருவியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பரதவர் கோட்டுமீன் (கொம்புள்ள சுறா) மீது வீசும் 'எறியுளி'யைப் பற்றிக் குறுந்தொகை பேசுகிறது. கூரான இரும்பு முனை, உலர்ந்த மூங்கில் காம்பு. ஆங்கிலத்தில் ஹார்ப்பூன் எனப்படுவதும் இந்த இனத்துக் கருவிதான் என்பதால் பழைய சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். கப்பலிலிருந்து இறக்கும் சிறு படகில் ஆறு பேர். முன்னால் நிற்பவன் எறியுளியை வீசுவான். எறியுளி திமிங்கிலத்தைக் கொல்லாது. அதன் வேலை தூண்டில் முள்ளின் வேலை. கொழுப்புக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். அதில் கட்டிய கயிறு படகுக்குள் தொட்டியில் சுருண்டிருக்கும். திமிங்கிலம் ஓடும், ஆழத்தில் இறங்கும், படகை இழுத்துக்கொண்டு போகும். களைத்து மேலே வந்ததும், வேறு ஒருவர் நீண்ட ஈட்டியால் நுரையீரலை நோக்கித் திரும்பத் திரும்பக் குத்துவார். உயிர் போவது அந்த ஈட்டியால்தான். இடையில் கயிறு அறுந்தாலோ, படகு கவிழும் என்று அறுத்துவிட்டாலோ, இரும்பு திமிங்கிலத்தோடு போய்விடும்.

அந்த இரும்பில் கப்பலின் பெயரோ அடையாளமோ பொறித்திருக்கும். மாட்டுக்குச் சூடு போடுவது போலத்தான்: இரண்டு கப்பல்கள் ஒரே திமிங்கிலத்துக்கு உரிமை கொண்டாடினால் வழக்கைத் தீர்ப்பதற்கு. ஆனால் அதற்கு எதிர்பாராத ஒரு பயனும் இருந்தது. ஒரு கிழத் திமிங்கிலத்தைக் கடைசியில் கொன்று, கப்பலோரம் கட்டிக் கொழுப்பை உரிக்கும்போது, உள்ளே துருப்பிடித்த இரும்புகள் தட்டுப்படும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். எந்தக் கப்பல், ஏறக்குறைய எந்த ஆண்டு, எந்தக் கடல் என்று மாலுமிகள் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்த விலங்கின் வாழ்க்கை வரலாறு அதன் உடம்பிலேயே இரும்பால் எழுதப்பட்டிருந்தது.

இதற்குச் சரியான உதாரணம் 'ஆன் அலெக்சாண்டர்' கப்பல். 1851 ஆகஸ்ட் 20ஆம் தேதி பசிபிக்கில், பெட்டி போன்ற பெருந்தலை கொண்ட ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்று அதன் இரண்டு படகுகளை நொறுக்கிவிட்டு, பிறகு கப்பலையே மோதி உடைத்தது. ஆட்கள் பிழைத்தார்கள், கப்பல் மூழ்கியது. சில மாதங்கள் கழித்து 'ரெபெக்கா சிம்ஸ்' என்ற வேறொரு கப்பல், நோயுற்றுத் தளர்ந்திருந்த ஒரு திமிங்கிலத்தைப் பிடித்தது. அதன் உடலில் 'ஆன் அலெக்சாண்டர்' பெயர் பொறித்த எறியுளிகள். தலையில் கப்பல் மரத்தின் சிராய்கள். மோதியது இதுதான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

டாம், ஜாக் விஷயத்துக்கு வருகிறேன். வேட்டைக் கப்பலில் மருத்துவராகப் போய்வந்த தாமஸ் பீல் என்ற ஆங்கிலேயர், ஸ்பெர்ம் திமிங்கிலத்தைப் பற்றி 1839இல் எழுதிய நூலில் இரண்டு பேரைக் குறிப்பிடுகிறார். ஒன்று 'டிமோர் ஜாக்'. தன்மேல் ஏவப்பட்ட படகுகளை எல்லாம் உடைத்துக்கொண்டே இருந்ததாம். கடைசியில் எறியுளியின் முனையில் ஒரு பீப்பாயைக் கட்டி எறிந்து, பல படகுகளாகச் சூழ்ந்து அதன் கவனத்தைச் சிதறடித்துக் கொன்றார்கள். இன்னொன்று 'நியூசிலாந்து டாம்'. 1804இல் 'அடோனிஸ்' என்ற கப்பலும் கூட வந்தவையும் அதைத் துரத்தின. காலை உணவு வேளைக்குள் ஒன்பது படகுகள் காலி. இதுவும் பிற்பாடு கொல்லப்பட்டது; உடம்பு முழுக்கப் பல கப்பல்களின் எறியுளிகள்.

பீல் எழுதிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் தம்முடைய 'மோபி டிக்' நாவலில் இதே இருவரையும் வணங்கி அழைக்கிறார், ஆனால் பெயர்கள் இடம் மாறிவிட்டன. அங்கே 'டிமோர் டாம்', 'நியூசிலாந்து ஜாக்'. மறதியா, அல்லது கப்பலில் காதில் விழுந்ததே அப்படித்தானா என்று தெரியாது. எனக்கு இந்தப் பிழை பிடித்திருக்கிறது. வாய்மொழியில் வாழும் கதைக்கு நேர்வதுதான் இது. ஊர் பெயரும் ஆள் பெயரும் கழன்று வேறு ஜோடி சேரும். 'காலை உணவுக்குள் ஒன்பது படகு' மட்டும் மாறாமல் நிற்கும்.

இவர்களில் மிகப் பெரிய பெயர் வாங்கியது மோச்சா டிக். மோச்சா என்பது தென் சிலியின் கடற்கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவு. இந்தத் திமிங்கிலத்தின் கதையை அச்சில் விரிவாகச் சொன்னவர் ஜெரமையா ரெனால்ட்ஸ், 1839 மே மாதம், நியூயார்க்கின் 'நிக்கர்பாக்கர்' பத்திரிகையில். ஆள் கொஞ்சம் விசித்திரமானவர். பூமியின் உள்ளே வெற்றிடம் இருக்கிறது, துருவங்களில் அதற்கு வாசல் இருக்கிறது என்ற கொள்கையை ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். ஆகவே அவர் சொல்வதைச் சற்றுச் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ள வேண்டும். சிலிக் கடலில் ஒரு வேட்டைக் கப்பலின் முதல் துணையதிகாரி தாமே அதைக் கொன்றதாகச் சொன்ன கதை என்றுதான் அவரும் எழுதுகிறார்.

அந்தக் கதையில் மோச்சா டிக் கம்பளியைப் போல வெள்ளை. தலையில் கொட்டலசுகள் (சிப்பி போல ஒட்டிக்கொண்டு வாழும் கடலுயிர்கள்) அப்பிக் கிடக்கும். மற்ற ஸ்பெர்ம் திமிங்கிலங்களின் மூச்சு முன்பக்கமாகச் சாய்ந்து பீறிடும். இதனுடையது செங்குத்தாக, நீராவி எந்திரத்தின் வால்வு திறந்த இரைச்சலோடு எழும்பும். 1810க்கு முன்பே மோச்சா தீவருகே மாலுமிகள் கண்ணில் பட்டது. அதன்பிறகு தெற்கு முனையைச் சுற்றிப் பசிபிக்குக்குள் நுழையும் ஒவ்வொரு கப்பலும், எதிரே வரும் கப்பலிடம் "மோச்சா டிக் பற்றிச் செய்தி உண்டா?" என்று விசாரிக்கும் நிலை வந்துவிட்டதாம். பிடிபட்டபோது நீளம் எழுபது அடிக்கு மேல், எண்ணெய் நூறு பீப்பாய், முதுகில் இருபது எறியுளிகளுக்குக் குறையாமல். செத்ததாக அச்சில் வந்த பிறகும் அதைப் பார்த்தோம் என்று சொல்வது நிற்கவில்லை.

எதை நம்பலாம்? வெள்ளை நிறத்தை நம்பலாம். வெண்மை நோயுள்ள ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் இன்றும் கடலில் காணப்படுகின்றன. அது இல்லாவிட்டாலும் கிழட்டு ஆண்களின் தலை, கணவாய்களோடும் மற்ற ஆண்களோடும் போட்ட சண்டைத் தழும்புகளால் வெளுத்திருக்கும். எழுபது அடி சந்தேகம்தான். வளர்ந்த ஆண் பொதுவாக 16 மீட்டர், அதாவது ஐம்பத்திரண்டு அடி அளவில் இருக்கும். தோற்றவன் சொல்லும் அளவில் எதிரி எப்போதும் வளர்ந்துவிடுகிறான்.

நாவலாசிரியர் 'மோச்சா'வை 'மோபி' ஆக்கியதைப் பலர் எழுதிவிட்டார்கள். அதிகம் பேசப்படாதது அந்தத் தீவின் சொந்தக் கதை. வேட்டைக் கப்பல்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தக் கரையில் வாழ்ந்த மபுச்சே மக்களுக்கு அது இறந்தவர்களின் தீவு. 'திரெம்புல்காவே' எனப்படும் நான்கு கிழவிகள் பொழுது சாயும்போது திமிங்கிலங்களாக மாறி, இறந்தவரின் உயிரைச் சுமந்து மேற்கே கொண்டுசேர்ப்பார்கள். உயிரோடிருப்பவர் எவரும் அவர்களைப் பார்க்க முடியாது. அதே தண்ணீரில் ஒரு கூட்டம் திமிங்கிலத்தை ஆவிகளின் தோணியாகப் பார்த்தது. பிறகு வந்த கூட்டம் விளக்கு எரிக்கும் எண்ணெயாகவும் விரோதியாகவும் பார்த்தது.

கடலோடிகள் எல்லோரும் திமிங்கிலத்தோடு மல்லுக்கு நின்றவர்கள் இல்லை என்பதற்கு வியட்நாம் இன்னொரு சாட்சி. அங்கே மத்திய, தென் கடற்கரை மீனவர்களுக்கு அது 'கா ஓங்', மரியாதைக்குரிய பெரியவர் மீன். புயலில் படகை முதுகில் தாங்கிக் கரைசேர்க்கும் தெய்வம். கரையில் செத்து ஒதுங்கிய திமிங்கிலத்தை முதலில் கண்டவர், தகப்பனை இழந்த மூத்த மகனைப் போலத் துக்கம் காக்க வேண்டும். எலும்புகளைக் கோயிலில் வைத்து வழிபடுகிறார்கள். ஃபான் தியெத் ஊர்க் கோயிலில் முழு எலும்புக்கூடே இருக்கிறது.

கப்பல்களோடு பகை வளர்த்த திமிங்கிலத்துக்குப் பெயர் வைப்பதை அமெரிக்கர்கள் தொடங்கிவைக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில், ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில், கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) நகரத்துக் கடலில் 'போர்பிரியோஸ்' என்றொன்று இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கப்பல்களை மூழ்கடித்தும் விரட்டியும் வந்ததாக வரலாற்றாசிரியர் புரொகோப்பியஸ் எழுதியிருக்கிறார். ஒருநாள் டால்பின்களைத் துரத்திக்கொண்டு கருங்கடலில் ஓர் ஆற்றுமுகத்துக்கு அருகே வந்து சேற்றில் சிக்கியது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கோடரிகளோடு ஓடிவந்து வெட்டினார்கள். சாகவில்லை, கயிறு கட்டி வண்டிகளில் இழுத்துக் கரையேற்ற வேண்டியிருந்தது. முப்பது முழ நீளம், பத்து முழ அகலம். இது ஸ்பெர்ம் திமிங்கிலமா, 'கொலையாளித் திமிங்கிலம்' எனப்படும் ஓர்காவா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம், கொன்ற பிறகும் சிலர் 'இது அந்தப் போர்பிரியோஸ் இல்லை, வேறொன்று' என்று சொன்னதாகப் புரொகோப்பியஸ் குறிப்பதுதான். இரும்பில் பெயர் பொறிக்காத காலம்; நிரூபிக்க வழியில்லை.

'எசெக்ஸ்' கப்பலின் கதை பலருக்கும் தெரிந்தது என்பதால் விரைந்து கடக்கிறேன். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவிலிருந்து 1819இல் கிளம்பியது. 1820 நவம்பர் 20ஆம் தேதி நடுப் பசிபிக்கில் ஒரு பெரிய ஆண் ஸ்பெர்ம் திமிங்கிலம் இருமுறை மோதியதில் உடைந்தது. இருபது பேர் மூன்று படகுகளில் ஏறினார்கள். அருகிலிருந்த தீவுகளில் நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்று அஞ்சி, தொலைவான தென்னமெரிக்கக் கரையை நோக்கிப் போனார்கள். வழியில் அவர்களே இறந்த தோழர்களைத் தின்ன நேர்ந்தது. எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

நான் நிற்க விரும்புவது ஒரு சின்ன விவரத்தில். திமிங்கிலம் மோதிய நேரத்தில் முதல் துணையதிகாரி ஓவன் சேஸ் கப்பல் தளத்தில் உட்கார்ந்து, உடைந்த படகை ஆணியடித்துப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் எழுப்பும் ஒலி சம்மட்டித் தட்டல் போன்றது. கப்பலின் மரச்சுவர் வழியே அதைக் கேட்ட பழைய மாலுமிகள் அதற்குத் 'தச்ச மீன்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீருக்குள் பரவிய சுத்தியல் சத்தத்தை இன்னொரு ஆணின் அறைகூவலாக அந்தத் திமிங்கிலம் எடுத்துக்கொண்டதோ என்று சிலர் ஊகித்திருக்கிறார்கள். நிரூபணம் ஆகாத ஊகம்தான். ஆனாலும் 'பழிவாங்க வந்தது' என்பதைவிட இது ஒரு விலங்குக்குப் பொருத்தமாக இருக்கிறது. அந்தத் தலை மோதுவதற்கு ஏற்றதா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். தலையின் கீழ்ப்பாதியிலுள்ள கொழுப்புத் திசு, தடுப்புச்சுவர்களால் பகுக்கப்பட்டு, மண்டையோட்டுக்குப் போகும் அதிர்ச்சியைக் குறைக்கக்கூடும் என்று 2016இல் வந்த ஒரு கணினி ஆய்வு சொன்னது.

பகையாளிகளைப் போலவே பங்காளி ஒருவனும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையில் ஈடன் என்ற ஊர். அங்கே டேவிட்சன் குடும்பத்தாரும், அவர்களோடு படகு வலித்த தௌவா பழங்குடியினரும், ஓர்காக்களோடு கூட்டு வைத்து வேட்டையாடினார்கள். ஓர்காக் கூட்டம் பெரிய திமிங்கிலத்தை விரிகுடாவுக்குள் மறித்து வைக்கும். ஒன்றிரண்டு ஆற்றுமுகத்துக்கு வந்து வாலால் தண்ணீரை அறையும். ஆட்கள் எழுந்து படகெடுத்துப் போவார்கள். கொன்றதை நங்கூரமிட்டு விட்டுவிட்டு வர வேண்டும். நாக்கும் உதடும் ஓர்காக்களுக்கு, மிச்சம் மனிதருக்கு. இதற்கு 'நாக்குச் சட்டம்' என்று பெயர். அந்த ஓர்காக்களைத் தம் முன்னோராகவே தௌவா மக்கள் கண்டார்கள்.

அந்தக் கூட்டத்தின் பிரபலம் 'ஓல்ட் டாம்'. எறியுளிக் கயிற்றைப் பல்லால் கவ்வி இழுக்கும் பழக்கம் அதற்கு. 1930 செப்டம்பர் 17 அன்று விரிகுடாவில் செத்து மிதந்தது. எலும்புக்கூடு ஈடன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தாடையை நெருங்கிப் பார்த்தால், தேய்ந்த பற்கள் தெரியும்; கயிறு இழுத்த தேய்மானம் என்பது ஊர்க்கதை. மூன்று தலைமுறை டேவிட்சன்களுக்கும் உதவியது இந்த ஒரே டாம்தான் என்பதும் ஊர்க்கதை. பல்லை வைத்து வயதைக் கணித்தபோது ஏறக்குறைய 35 என்றே வந்தது. அப்படியானால் 'டாம்' என்ற பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஓர்காக்கள் அடக்கமாகி இருக்கலாம்.

மோச்சா டிக்கையும் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பல திமிங்கிலங்கள் செய்ததை ஒன்றின் தலையில் கட்டுவது கதைக்கு வசதி. இந்தச் சந்தேகத்துக்கு 2021இல் எதிர்பாராத இடத்திலிருந்து வலு கிடைத்தது. ஹால் வைட்ஹெட், டிம் ஸ்மித், லூக் ரெண்டல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்க வேட்டைக் கப்பல்களின் பழைய நாட்குறிப்பேடுகளை, ஆம், அந்த முத்திரைகள் குத்திய ஏடுகளைத்தான், கணக்கெடுத்தார்கள். வட பசிபிக்கில் ஒரு பகுதிக்குக் கப்பல்கள் புதிதாக வந்த இரண்டரை ஆண்டுகளுக்குள், எறியுளி தைப்பதில் கிடைத்த வெற்றி 58 சதவீதம் குறைந்துவிட்டது. முதலில் வந்த மாலுமிகள் கெட்டிக்காரர்கள் என்றோ, எளிதில் சிக்குபவை முதலில் செத்துவிட்டன என்றோ இதை விளக்க முடியவில்லை. திமிங்கிலங்கள் கற்றுக்கொண்டன; பட்டவற்றிடமிருந்து படாதவையும் கற்றுக்கொண்டன என்பதே அவர்கள் முடிவு.

என்ன கற்றன? ஓர்கா தாக்க வரும்போது ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் குட்டிகளை நடுவில் விட்டு வட்டமாகச் சேர்ந்து நிற்கும். எறியுளிக்காரனுக்கு இது வாரிக் கொடுத்த மாதிரி. ஆகவே அதை விட்டுவிட்டு, காற்று வரும் திசையை நோக்கி ஓடத் தொடங்கின. பாய்மரத்தால் எதிர்காற்றில் துரத்த முடியாது. கப்பல்களை வென்றது பெரும்பாலும் இந்த ஓட்டம்தான். அதைச் செய்தவை தாயும் பிள்ளையும் பாட்டியுமாக வாழும் பெண் கூட்டங்கள். அவற்றில் ஒன்றுக்கும் மாலுமிகள் பெயர் வைக்கவில்லை. எதிர்த்து நின்ற ஒற்றை ஆண்தான் அவர்கள் கண்ணுக்குக் கதாநாயகன்.

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. காற்றை எதிர்த்து ஓடியும் பயனில்லை. நார்வேக்காரர் ஸ்வென் ஃபோயின் வெடிகுண்டு எறியுளிப் பீரங்கியை 1860களில் உருவாக்கிச் செம்மைப்படுத்தினார். படகும் இல்லை, ஆறு பேரும் இல்லை, உடைபடுவதற்கு ஒன்றும் இல்லை. பாய்மர வேட்டை ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளில் கொன்ற ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் சுமார் 3 லட்சம் என்பது மதிப்பீடு. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் 7.6 லட்சம். அந்த 7.6 லட்சத்தில் டாம், டிக் என்று ஒருவரும் கிடையாது.

வணிக வேட்டைக்கு 1986இல் தடை வந்தது. படகுகள் மறுபடி உடையத் தொடங்கியபோது பெயரும் திரும்பி வந்தது. 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் ஓர்காக்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானைக் கடித்து உடைக்கின்றன. சில படகுகள் மூழ்கியும் விட்டன. ஈடுபட்டவற்றுக்கு ஆய்வாளர்கள் 'கிளாடிஸ்' என்று பெயரிட்டார்கள். அவற்றில் 'வெள்ளைக் கிளாடிஸ்' என்ற பெண் ஓர்கா, ஏதோ ஒரு படகால் அடிபட்டதற்குப் பழிதீர்க்கிறது என்ற கதை உலகமெங்கும் ஓடியது. இளசுகளின் விளையாட்டாக இருக்கக்கூடும் என்று பல ஆய்வாளர்கள் சொன்னது அவ்வளவு தூரம் ஓடவில்லை.

2007 மே மாதம், அலாஸ்காவின் வட கோடியில், மரபுரிமைப்படி வேட்டையாடும் இனுப்பியாட் மக்கள் ஒரு வில்தலைத் திமிங்கிலத்தைப் பிடித்தார்கள். கொழுப்பை அறுக்கும்போது ரம்பம் ஏதோ உலோகத்தில் உரசியது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலிருந்து விரல் நீள உலோகத் துண்டு ஒன்றை எடுத்தார்கள். நியூ பெட்ஃபோர்டு நகரில் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்யப்பட்ட வெடிமுனை ஈட்டியின் பகுதி அது. அதை வைத்துத் திமிங்கிலத்தின் வயதை 115க்கும் 130க்கும் இடையில் கணித்தார்கள். ஏதோ ஒரு கப்பலின் நாட்குறிப்பில் அன்றைக்கு ஒரு வால் முத்திரை விழுந்திருக்கும்.